காருக்கு லைட் மாற்றப் போகிறீர்களா? கடைக்குக் கிளம்புமுன் இதைப் படியுங்கள்

போன ஐப்பசியில் என் 2014 மாடல் டிசையருக்கு 14,300 ரூபாய் செலவு செய்தேன். எல்இடி ஹெட்லைட் பல்பு 3,800, பம்பருக்குக் கீழே எல்இடி பார் 2,500, டெயில் லேம்ப்புக்குக் கறுப்பு ஃபிலிம் 1,200, ஸ்பாய்லர் 4,500, இண்டிகேட்டருக்கு எல்இடி 900, மாட்டுக்கூலி 1,400. இன்றைக்கு வண்டியில் மிச்சமிருப்பது ஸ்பாய்லர் மட்டும்தான்.

மற்றதெல்லாம் கழன்ற கதை இது. தாம்பரத்திலிருந்து திருவண்ணாமலைக்குக் குடும்பத்தோடு ராத்திரியில் கிளம்பினோம். திண்டிவனம் வரை பெரிய ரோடு, ஒன்றும் தெரியவில்லை. செஞ்சி ரோட்டில் திரும்பி, நடுவில் தடுப்பு இல்லாத இடம் வந்ததும், எதிரில் வந்த ஒவ்வொரு பஸ்ஸும் டிம்-பிரைட் அடித்து என்னைத் திட்டியது. நான் டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். மழை பிடித்ததும் நிலைமை இன்னும் மோசம். கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஒரு மூட்டம், ஆனால் ரோட்டோரக் கோட்டைக் காணோம். பின்சீட்டில் அம்மா முருகனைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் ஊரில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் காட்டினேன். சாயங்காலம் வரச்சொல்லி, எதிர்ச்சுவரில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெளிச்சம் நிறைய இருக்கு தம்பி. ரோட்டுலதான் இல்ல, வேப்பமரத்துல இருக்கு.” திரும்பிப் பார்த்தேன். சுவருக்குப் பின்னால் இருந்த மரத்தின் உச்சிக்கிளை வரை பளிச்சென்று தெரிந்தது.

அதற்குப் பிறகு 4,350 ரூபாயில் எல்லாம் சரியானது. லென்ஸ் பாலிஷ் 1,200, ரிலே வயரிங் 1,100, அதை மாட்ட 400, நல்ல ஹாலஜன் பல்பு (இழை சூடாகி எரியும் வழக்கமான வகை) ஒரு ஜோடி 1,400, ஹெட்லைட் அலைன்மென்ட் 250. இந்த வேலைகளை முதலிலேயே, சரியான வரிசையில் செய்திருந்தால் 14,300-ல் பெரும்பகுதி என் சட்டைப்பையில் இருந்திருக்கும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். விலையெல்லாம் சென்னையிலும் திருவண்ணாமலையிலும் எனக்குச் சொன்ன விலை. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

1. வீட்டில் உட்கார்ந்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

கடைக்குப் போனபின் யோசித்தால் கடைக்காரர்தான் யோசிப்பார். அதனால் ஆர்சி, ஓனர் மேனுவல், இன்சூரன்ஸ் பாலிசி மூன்றையும் எடுத்து வையுங்கள்.

முதலில் பல்பு வகை. மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். என் வண்டியில் எச்4, 60/55 வாட்ஸ். ஒரே பல்புக்குள் டிம், பிரைட் இரண்டும் இருக்கும் வகை இது. சில செடான்களில் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று எச்7, எச்பி3, எச்11 தனித்தனியாக வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் இணையத்தில் ஆர்டர் போட்டுவிட்டு, மாட்ட முடியாமல் திருப்பி அனுப்புகிறவர்கள் ஏராளம்.

இரண்டாவது, டயர் அளவு. உங்கள் வேரியன்ட்டுக்கு மட்டுமல்ல, மேல் வேரியன்ட்டுக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். அலாய் வீல் பேச்சு வரும்போது இது உதவும்.

மூன்றாவது, வாரண்டி இன்னும் ஓடுகிறதா. ஓடுகிறது என்றால், வயரை வெட்டும் எந்த வேலையும் வேண்டாம். எலக்ட்ரிக்கல் பிரச்சினை எது வந்தாலும் சர்வீஸ் சென்டரில் முதலில் காட்டுவது அந்த வெட்டிய வயரைத்தான்.

நான்காவது, கார் மேல் கடன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது. ஏன் என்பது கடைசிப் படியில்.

2. எதைச் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள்?

“எல்லோரும்தான் சார் போடுறாங்க” என்பது கடையில் கேட்கும் வாக்கியம். அபராதம் கட்டும்போது அந்த எல்லோரும் கூட வரமாட்டார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு பல்புக்காக யாரும் ஜெயிலுக்கு அனுப்பப் போவதில்லை. ஆனால் “ஒவ்வொரு மாற்றத்துக்கும்” என்ற சொல்லைக் கவனியுங்கள்.

விளக்கு விஷயத்தில் முன்பக்கம் சிவப்பு வெளிச்சம் கூடாது. பின்பக்கம் இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட் தவிர மற்றதெல்லாம் சிவப்பாகத்தான் இருக்கவேண்டும். முன்னால் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வகையறா அனுமதியின்றிப் போடக் கூடாது. நான் மாட்டிய எல்இடி பார் இதில்தான் விழுந்தது. ஊரிலிருந்து திரும்பும் வழியில் 500 ரூபாய் கட்டினேன், அங்கேயே நின்று கழற்றவும் வேண்டியிருந்தது. போலீஸ்காரரே ஸ்பானர் கொடுத்தார், அதையும் சொல்லவேண்டும்.

கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுவது பற்றிக் கடையில் நிறையப் பேசுவார்கள். விதிப்படி முன், பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விடவேண்டும். 2012-ல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்தது. பிறகு விதி திருத்தப்பட்டு, 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் அந்த 70, 50 அளவுக்குள் இருந்தால் ஒட்டலாம் என்றது. கடைக்காரர் இந்தத் தீர்ப்பைத்தான் போனில் எடுத்துக் காட்டுவார். ரோட்டில் கை காட்டி நிறுத்துகிறவரிடம் அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை, அதனால் ஒட்டவில்லை. ஒட்டத்தான் போகிறீர்கள் என்றால் சதவீதம் அச்சிட்ட ஃபிலிம், அதற்கான சான்றிதழ், பில் மூன்றும் வண்டியில் இருக்கட்டும்.

நம்பர் பிளேட்டில் கை வைக்கவே வேண்டாம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இருப்பது உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். அதன் பூட்டை ஒருமுறை உடைத்தால் திரும்ப மாட்ட முடியாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்கவேண்டும். பம்பர் பெயின்ட் அடிக்கக் கொடுத்தால் “பிளேட்டைக் கழற்றாமல் மறைத்து அடியுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பம்பருக்கு முன்னால் போடும் இரும்புக் கம்பித் தடுப்பையும் 2017 முதல் போடக் கூடாது.

3. பணம் செலவழிக்கும் முன் லென்ஸைப் பாருங்கள்

ஐந்து வருஷம் வெயிலில் நின்ற வண்டி என்றால் ஹெட்லைட் பிளாஸ்டிக் மஞ்சளடித்திருக்கும். உள்ளே என்ன பல்பு போட்டாலும் வெளிச்சம் அங்கேயே சிதறிவிடும். பலர் பல்பு மங்கிவிட்டது என்று நினைப்பது இதைத்தான்.

பாலிஷ் போடும் இடத்தில் நின்று பாருங்கள். 800 அல்லது 1000 நம்பர் தாளில் தொடங்கி 1500, 2000, 3000 என்று தண்ணீர் விட்டுத் தேய்க்கவேண்டும். பிறகு காம்பவுண்ட். கடைசியாக புற ஊதா தாங்கும் கிளியர் கோட். இந்தக் கடைசிப் படியைத்தான் விட்டுவிடுவார்கள். வெறும் மெழுகு தடவி அனுப்பினால் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும், அடுத்த பொங்கலுக்குள் திரும்ப மஞ்சள். “கிளியர் கோட் அடிப்பீங்களா?” என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். இரண்டு விளக்குக்கும் சேர்த்து 1,000 முதல் 1,500 வரை, இரண்டு மணி நேர வேலை, கோட் காய இன்னும் கொஞ்சம்.

பற்பசை தேய்த்தாலே மஞ்சள் போய்விடும் என்பார்கள். நானும் தேய்த்தேன். வாசனையாக இருந்தது.

உள்பக்கம் நீராவி படிந்திருந்தாலோ, பின்னால் இருக்கும் வெள்ளி ரிஃப்ளெக்டர் கருத்து உரிந்திருந்தாலோ பாலிஷ் வீண். ரிஃப்ளெக்டர் போய்விட்டது என்றால் புது விளக்கு வாங்குவதுதான் வழி.

4. சுவர் டெஸ்ட்: செலவே இல்லை, பலன் அதிகம்

வேப்பமரம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். எவ்வளவு வெளிச்சம் என்பதைவிட அது எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம்.

சமதளமான இடத்தில், ஒரு சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கவேண்டும். டிக்கியில் அரிசி மூட்டை கூடாது. டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். ஸ்டியரிங் பக்கத்தில் ஹெட்லைட் உயரம் மாற்றும் சின்னச் சக்கரம் இருந்தால் அதை 0-வில் வையுங்கள். ஹெட்லைட்டின் மையம் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று டேப்பில் அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு.

இப்போது டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு இரண்டாவது கோட்டை ஒட்டி, வெட்டி வைத்தாற்போல் நிற்கவேண்டும். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் அந்த விளிம்பு வலதுபக்கம் தட்டையாகவும் இடதுபக்கம் சாய்வாக மேலே ஏறியும் இருக்கும். வலதில் தட்டையாக இருப்பதால்தான் எதிரில் வருகிறவர் கண்ணில் அடிப்பதில்லை. இடதில் ஏறுவதால்தான் ரோட்டோரம் நடந்து போகிறவர், மாடு, சைக்கிள் தெரிகிறது.

விளிம்பே தெரியாமல் சுவர் முழுக்க வெள்ளையடித்தாற்போல் வெளிச்சம் பரவினால், பல்பு தப்பு அல்லது தப்பாக மாட்டியிருக்கிறார்கள். விளிம்பு தெளிவாக இருந்து, உயரம் மட்டும் மாறியிருந்தால் பின்னால் இருக்கும் திருகாணியைத் திருப்பினாலே போதும். கையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தயக்கமாக இருந்தால் அலைன்மென்ட் மெஷின் உள்ள இடத்தில் 200, 300 ரூபாயில் கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுப்பார்கள். பல்பு மாற்றினால், பம்பர் கழற்றி மாட்டினால், ஹெட்லைட்டைக் கழற்றினால், ஒவ்வொரு முறையும் இந்தச் சுவரிடம் போய் நிற்கவேண்டும்.

பாதிப் பேருக்கு இந்த 4-வது படியோடு வேலை முடிந்துவிடும். இரண்டு நாள் ராத்திரியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் வேண்டும் என்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

5. முதலில் வயரிங், அப்புறம் பல்பு

ஹாலஜன் பல்பு வோல்டேஜுக்கு ரொம்பக் கூச்சப்படும். 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விடும். என் வண்டியை ஸ்டார்ட் செய்து, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரில் பார்த்தோம். பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பு சாக்கெட்டில் 12.3. நடுவில் இருந்த பழைய வயரும் சுவிட்சும் 1.5 வோல்ட்டைத் தின்றுவிட்டன. கணக்குப் போட்டால், மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே காணாமல் போயிருந்தது.

இதற்கு மருந்து ரிலே வயரிங் செட். பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வழியாக, தடித்த வயரில் பல்புக்குக் கரண்ட் வரும். ரிலே என்பது கரண்ட்டால் இயங்கும் சுவிட்ச். பழைய வயர் அதைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்யும். 800 முதல் 1,500 ரூபாய் வரை கிடைக்கிறது. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா, பல்பு சாக்கெட் பீங்கானா, உங்கள் வண்டியின் கப்ளரில் (வயர் முனையில் இருக்கும் சொருகி) வயரை வெட்டாமல் சொருக முடிகிறதா. மாட்டிய பிறகு எனக்கு சாக்கெட்டில் 13.5 வந்தது. பழைய பல்பே புதுசு மாதிரி எரிந்தது.

பல்பில் பெரிய பொறி 100/90 வாட்ஸ். “டபுள் வெளிச்சம் சார்” என்பார்கள். 60 வாட்ஸ் பல்பு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட்ஸ் இரண்டும் 17 ஆம்பியர். கம்பெனி வயரும் சாக்கெட்டும் அந்தக் கணக்குக்குச் செய்யப்பட்டவை அல்ல. சாக்கெட் உருகும், ரிஃப்ளெக்டர் வெள்ளி கருகும். அந்தப் பெட்டியிலேயே பொடி எழுத்தில் ரோட்டுக்கு அல்ல என்று போட்டிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

அதே 60/55 வாட்ஸில் கூடுதல் வெளிச்சம் தரும் பல்புகளை பிலிப்ஸ், ஆஸ்ராம் போன்றவர்கள் விற்கிறார்கள். ஜோடி 1,200-லிருந்து 2,000 வரை. அவை சீக்கிரம் ஃபியூஸ் போகும் என்பதைத் தெரிந்தே வாங்குங்கள். இழை சூடாக எரிவதால் ஆயுள் குறைவு. நீலச் சாயம் பூசிய “சூப்பர் ஒயிட்” ஹாலஜன் வேண்டாம். அந்தச் சாயம் வெளிச்சத்தை வடிகட்டிவிட்டு நிறத்தை மட்டும் தருகிறது. போலிகள் நிறைய என்பதால் சீல் உடையாத பெட்டி, பில் இரண்டும் அவசியம். பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

மழைக்கும் பனிக்கும் ஃபாக் லேம்ப்பில் (பம்பரில் தாழ்வாக இருக்கும் விளக்கு) 3000 கெல்வின் என்று போட்ட மஞ்சள் பல்பு போட்டுக்கொள்ளலாம். மார்கழி அதிகாலையில் ஓட்டிப் பார்த்தவர்கள் வெள்ளைக்குத் திரும்பமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

6. எல்இடிதான் வேண்டும் என்றால்

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

முதல் வழி, பல்பை மட்டும் எல்இடியாக மாற்றுவது. ஆனால் ரிஃப்ளெக்டர் ஹெட்லைட் என்பது பல்பின் இழை இருக்கும் இடத்தை வைத்து வளைத்துச் செய்த கிண்ணம். எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு குட்டித் தகடு இருக்கும். கிண்ணத்தின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் மறைத்து, சுவரில் பார்த்த அந்த விளிம்பை உண்டாக்குவது அதுதான். எல்இடியில் வெளிச்சம் தரும் சிப் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும், கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் விளிம்பு சிதறிவிடும். கழற்றிப் பார்த்தபோது என்னுடையது அப்படித்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நேராக மாட்டினாலும் ஹாலஜனுக்கு ஒப்புதல் வாங்கிய விளக்கில் அது விதிப்படியான பல்பு அல்ல. அப்படியும் போடுகிறவர்கள், சிப்புகள் இடது-வலதாகப் பார்த்து நிற்கும்படி மாட்டச் சொல்லி, சுவர் டெஸ்ட்டில் விளிம்பு வராவிட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்னால் விசிறி இருப்பதால் ரப்பர் மூடி சேராது. மூடியில் ஓட்டை போட்டு அப்படியே விட்டால் அடுத்த மழைக்கு உள்ளே தண்ணீர்.

இரண்டாவது வழி, ஹெட்லைட்டைப் பிரித்து உள்ளே புரொஜெக்டர், அதாவது வெளிச்சத்தைக் குண்டு லென்ஸ் வழியாகக் குவித்து அனுப்பும் விளக்கு, வைப்பது. எனக்கு 18,000 முதல் 25,000 வரை சொன்னார்கள், இரண்டு நாள் வேலை. சூடு காட்டித் திறந்து, திரும்பப் பசை வைத்து மூடுவார்கள். அந்தப் பசை சரியில்லை என்றால் உள்ளே நீராவி. வண்டியை எடுக்கும் முன் பத்து நிமிஷம் ஹோஸில் தண்ணீர் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, எந்தக் கடையிலும் அவர்களாகச் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் புரொஜெக்டர்கள் பல, வலதுபக்கம் ஓட்டும் நாடுகளுக்குச் செய்தவை. அவற்றில் வெளிச்ச விளிம்பு வலதுபக்கம் ஏறும், அதாவது நேராக எதிர்வண்டிக்காரர் கண்ணுக்கு. முழு ஹெட்லைட்டாக வாங்கினால், ஐரோப்பிய ‘ஈ’ முத்திரை உள்ளவற்றில் அடையாளம் எளிது: லென்ஸை நேருக்கு நேர் பார்த்தால் முத்திரை அருகே உங்கள் வலதுபக்கம் காட்டும் அம்புக்குறி இருக்கவேண்டும். அம்பே இல்லை என்றால் அது நமக்கானது அல்ல.

மூன்றாவது வழி, உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டில் கம்பெனியே புரொஜெக்டர் அல்லது எல்இடி ஹெட்லைட் கொடுத்திருந்தால், அந்த ஒரிஜினல் பாகத்தை வாங்கி மாட்டுவது. விலை அதிகம், வயரிங்கில் கொஞ்சம் வேலை இருக்கும். காசு இருந்தால் நான் இதைத்தான் செய்வேன்.

7. பின்பக்கம்

டெயில் லேம்ப்புக்குக் கறுப்பு ஃபிலிம் வேண்டாம். பகல் வெயிலில் பிரேக் லைட் எரிவதே பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. நான் கழற்றிய காரணம் அபராதமல்ல. பின்னால் ஆட்டோக்காரர் இடித்துவிட்டு, “லைட்டே எரியலையே சார்” என்றார். அவர் சொன்னது நியாயம்.

இண்டிகேட்டரில் எல்இடி பல்பு போட்டால் டிக்-டிக்-டிக் என்று வெறிபிடித்தாற்போல் வேகமாக அடிக்கும். பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று வண்டி நினைத்துக்கொள்கிறது. சரிசெய்ய ரெசிஸ்டர் போடுவார்கள். அது கையில் பிடிக்க முடியாத சூடாகும். பிளாஸ்டிக்கில் ஒட்டி வைத்தால் பிளாஸ்டிக் உருகும். மாற்றினால் இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் ஃபிளாஷர் ரிலேவை மாற்றுங்கள், இல்லையென்றால் பழைய பல்பே இருக்கட்டும். நம்பர் பிளேட் லைட், உள்ளே கூரை லைட் இரண்டுக்கும் எல்இடி தாராளமாகப் போடலாம். 300 ரூபாயில் ஆசையும் தீரும்.

8. அழகு வேலைகள்

அலாய் வீலுக்குத்தான் அதிகம் செலவாகும், அதனால் அதை மட்டும் கொஞ்சம் விரிவாக. என் வண்டிக்கு 165/80 ஆர்14 டயர். அதே மாடலின் மேல் வேரியன்ட்டில் 185/65 ஆர்15. இரண்டின் மொத்த விட்டமும் சுமார் 62 சென்டிமீட்டர், வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தான். அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, டயர் எங்கும் உரசாது. உங்கள் மாடலிலும் மேல் வேரியன்ட் அளவைத் தாண்டாதீர்கள். 15 அங்குல அலாய் நான்குக்கு 20,000 முதல் 28,000 வரை கேட்டார்கள், டயர் தனி. நட்டுகள் அமரும் வட்டத்தின் அளவு, நடு ஓட்டையின் அளவு இரண்டும் பொருந்தவேண்டும். என் வண்டிக்கு 4x100 (நான்கு நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம்), நடு ஓட்டை 54.1 மில்லிமீட்டர். நடு ஓட்டை பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் 80-ல் ஸ்டியரிங் நடுங்கும். ஸ்டெப்னி இரும்பு வீலாகவே இருக்கும் என்பதால் பழைய நட்டுகள் ஒரு செட் டிக்கியில் கிடக்கட்டும்.

ஸ்பாய்லர் வாங்கினால் பெயின்ட் அடித்த பிறகு வெயிலில் வைத்து வண்டி நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடை டியூப் லைட்டில் எல்லா வெள்ளையும் ஒன்றுதான். சீட் கவர் போடுவோர், சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்து அதற்கேற்ற தையல் கேளுங்கள். டோர் வைசர், மட் ஃபிளாப், சைடு பீடிங் எல்லாம் உங்கள் இஷ்டம், அதிலெல்லாம் பெரிதாக ஏமாற ஒன்றுமில்லை. குரோம் மட்டும் அளவோடு. இது சட்டமல்ல, என் கண்.

9. கடையில்

சென்னையில் ராயப்பேட்டை ஜி.பி. ரோட்டுக்குத்தான் எல்லோரும் போவார்கள். முதல் நாள் பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போய், மூன்று கடையில் விலை மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். ஒரே பொருளுக்கு ஆயிரம் ரூபாய் வித்தியாசம் பார்த்தேன்.

லைட் வேலைக்கு மதியம் நான்கு மணிக்கு மேல் போங்கள். மாட்டி முடிக்கும்போது இருட்டத் தொடங்கும். பணம் கொடுக்கும் முன்பே சுவரில் அடித்துப் பார்த்துவிடலாம். நான் காலையில் போய் மாட்டிக்கொண்டு வந்ததால்தான் செஞ்சி ரோடு வரை எதுவும் தெரியவில்லை.

வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்ற ஆரம்பித்தால் நிறுத்துங்கள். “கப்ளர் டு கப்ளர் மட்டும்தாண்ணே” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை இல்லை. வாரண்டி அட்டையில் தேதி, முத்திரை இரண்டும் இருக்கிறதா பாருங்கள். “பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறையும்” என்றால், வாரண்டியும் அதோடு குறைந்துவிடும்.

10. காகித வேலை

வெளியில் வாங்கி மாட்டிய எலக்ட்ரிக்கல் பொருள்களை இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்தால்தான் அவற்றுக்கு இழப்பீடு கிடைக்கும். பிரீமியம், பொருள் மதிப்பில் 4 சதவீதம். 20,000 ரூபாய்க்கு வருஷம் 800, வரி தனி. அலாய் வீல் போன்றவற்றையும் மதிப்போடு எழுதச் சொல்லலாம். புதுப்பிக்கும் நேரத்தில் செய்வது சுலபம் என்பதால், பாலிசி அடுத்த மாதம் முடிகிறது என்றால் பெரிய செலவை அதுவரை தள்ளிப்போடுங்கள். பில் நகல் கேட்பார்கள். மேலே சொன்ன விதிக்கு ஒத்துவராத பொருளை எழுதிக்கொடுத்து எந்தப் பயனும் இல்லை.

முழு வண்டிக்கும் நிறம் மாற்றுவது, பெயின்ட்டானாலும் ஸ்டிக்கர் ரேப்பானாலும், ஆர்சியைத் தொடும் விஷயம். அடிப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கவேண்டும். அடித்து முடித்து 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்சியில் புது நிறத்தைப் பதியவேண்டும். ஆர்சி, இன்சூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட், அடையாள அட்டை, கடன் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் ஆகியவை தயாராக இருக்கட்டும். என் மச்சானுக்கு மூன்று வாரம் ஆனது, அதில் பத்து நாள் வங்கிக் கடிதத்துக்கே போனது. அந்த மூன்று வாரமும் பெயின்டரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத் தவித்தார். அனுமதி கைக்கு வந்தபின் அட்வான்ஸ் கொடுங்கள்.

கழற்றிய பழைய பல்பு, நட்டு, கவர், கிளிப் எதையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே வண்டி நம்பரையும் தேதியையும் எழுதிப் பரணில் வையுங்கள். வண்டிக்கு 15 வருஷமாகி எஃப்சி காட்டப் போகும்போதும், விற்கும்போதும் அந்தப் பெட்டியைத் தேடுவீர்கள். என்னுடையதில் இப்போது 3,800 ரூபாய் எல்இடியும் சேர்ந்து கிடக்கிறது.